ஓல்டனில் நாற்பத்தேழு நிமிடம்

பேர்னிலிருந்து நான்,
பாசலிலிருந்து கிருபைராணி,
லுசேர்னிலிருந்து யோகேசன்.
மூவருக்கும் ஊரல்லாத ஊர் ஓல்டன்;
எல்லா ரயிலும் நின்று போகும்.

மாதக் கடைசி ஞாயிறு.
ஏழாம் மேடைக்குக் கீழே காப்பிக்கடை.
மூன்று கோப்பை, அதில் ஒன்று எப்போதும் கடன்.
"வாசி" என்பாள் கிருபை, வணக்கம்கூடச் சொல்லாமல்.

முதியோர் இல்லத்து இரவு வேலை முடித்து வந்தவள்
என் கதையின் கடைசிப் பந்தியை
நகத்தால் கீறினாள்.
"இது அழுகுது. வாசிக்கிறவன் அழட்டும்,
நீ ஏன் அழுறாய்?"
அந்த மாதம் முழுக்க அவளோடு பேசவில்லை.
பந்தியை மட்டும் எடுத்துவிட்டேன்.

கார்த்திகையில் யோகேசனிடம் கொடுத்த கதையில்
ஒருவன் பனியில் நொண்டி நடப்பான்.
யாரென்று நான் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
மேசைக்கடியில் தன் வலது காலை
மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான்.
காப்பி ஆறி ஆடை படிந்தது.
கிருபை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ரயிலுக்கு நான்கு நிமிடம் இருக்கையில்
தாள்களைத் திருப்பித் தந்தான்.
"கால் இருக்கட்டும். இடதாக்கு.
சப்பாத்து தேயிற விதம் பிழை,
வெளிப்பக்கம்தான் முதல் தேயும்."
ஓரத்தில் பென்சிலால்
தேய்ந்த அடி ஒன்றை வரைந்தும் வைத்திருந்தான்.

பேர்ன் வரும்வரை
வலதையெல்லாம் இடதாக்கினேன்,
பதினோரு இடத்தில்.
பன்னிரண்டாவது தப்பிவிட்டது.
அச்சில் வந்தபிறகு அவன்தான் கண்டுபிடித்தான்.
நடுச்சாமத்தில் தொலைபேசி,
எடுத்ததும் ஒரே சிரிப்பு.
"பக்கம் ஒன்பது, கீழிருந்து மூன்று.
அந்த ஒரு வரியில
நான்தானடா நடக்கிறன்."