வியாழக்கிழமைக் கட்டுகள்

சோலோத்துர்ன் நகரில்
கடதாசியை எறிய முடியாது, கட்ட வேண்டும்.
குறுக்கும் நெடுக்குமாகச் சணல்நூல்,
காலை ஏழுக்கு முன் தெருவோரம்.
பையில் போட்டால் எடுக்கமாட்டார்கள்.
முதல் வருஷம் என் பை
மூன்று வாரம் மழையில் இருந்தது.

இப்போது முடிச்சைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்.
இரட்டை முடிச்சு, மேலே இன்னொன்று: வங்கிக்காரர்.
தூக்கினால் அவிழ்வது மாணவர் விடுதி.
பரிசுப்பொதி ரிப்பனால் கட்டியிருந்தால்
அந்த வீட்டில் யாரோ யாரையோ விட்டுப் போயிருக்கிறார்கள்.

இரவு ஆலையில் எல்லாம் ஒரே தொட்டிக்குள்.
வெளியே ஆரே ஆற்றின் பனிமூட்டம்,
உள்ளே எங்கள் ஆவி.
எஷ்லிமான் மானிக்கு முன் நின்று கையால் அளந்து காட்டுவார்:
மரத்திலிருந்து தொடங்கினால் முள் இங்கே,
பழசிலிருந்து என்றால் இங்கே.
கை நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.
அந்த இடைவெளியில்தான்
என் சம்பளம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மரத்தை வேகவைக்கத்தான் அவ்வளவு நெருப்பு, அவ்வளவு தண்ணீர்.
இது ஏற்கெனவே வெந்தது.
பழஞ்சோறு மாதிரி,
தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும்.
இதை ஜெர்மனில் சொல்லப்போய்
சோறு வரைக்கும்தான் வந்தேன்.
பசிக்கிறதா என்று கேட்டு
எஷ்லிமான் தன் பாணில் பாதி தந்தார்.

மை நீக்கும் தொட்டியில் சவர்க்காரமும் காற்றும்.
எழுத்துகள் குமிழைப் பிடித்துக்கொண்டு
மேலே வருகின்றன,
சாம்பல் நுரையாக.
வழித்தெடுக்கிறோம்.
வருஷத்தில் சில தடவை வாக்கெடுப்புச் சிற்றேடுகள்
உறை பிரிக்காமலே வந்து சேரும்.
போன தடவை மின்சாரத்தைப் பற்றி ஏதோ சட்டம்.
ஆம் என்று வாதாடியதும்
இல்லை என்று வாதாடியதும் ஒரே நுரையில்.
பதினேழு வருஷமாக எனக்கு அப்படியொரு உறை வந்ததில்லை.
வந்திருந்தால் பிரித்திருப்பேன்.

ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது.
சில சுற்றுகளுக்குப் பிறகு தாளாக நிற்கப் பலமில்லை,
வலைக்கண் வழியே நழுவிச் சேறோடு போகும்.
அந்தச் சேற்றையும் பிழிந்து கொதிகலனில் போடுகிறோம்.
கடைசிச் சூட்டில் அது
வேறொரு தாளைக் காயவைக்கும்.

ஐப்பசி முடிகிற வாரம்
குடியுரிமை விண்ணப்பம் வாங்கி வந்தேன்.
வெள்ளை இல்லை, லேசான சாம்பல்.
குடும்பப் பெயருக்குப் பக்கத்தில்
கரையாமல் தப்பிய ஒரு மைப்புள்ளி.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
வரவில்லை. தாளுக்குள்ளே இருந்தது.
எங்கள் ஆலைத் தாளா, தெரியாது.
ஆனாலும் கோபம் வந்தது:
அன்றைய ஷிஃப்டில் யார்?

இரவு வேலை முடிந்த தூக்கத்தில் நிரப்பினேன்.
பெயர், பிறந்த திகதி, முகவரி.
தொழில் என்ற கட்டத்தில்
கை தன்பாட்டில் தமிழில் எழுதிவிட்டது:
கரைக்கிறேன்.

கந்தோரில் இன்னொரு படிவம் தந்தார்கள்,
முகம் சுளிக்காமல், ஆனால் ஒன்றே ஒன்று.
பிழைத்த தாளைக் கசக்கவில்லை.
விளம்பரத் தாள்களுக்கு நடுவில் வைத்தேன்.
நாளை வியாழன்.
சணல் தீர்ந்துபோயிருந்தது,
சப்பாத்து நாடாவால் கட்டினேன்.
நாடா கரையாது. தொட்டியில் சிக்கும்.
யாராவது தூஷணத்தால் திட்டுவார்கள்.
அநேகமாக நான்தான்.