ஆட்சேபணை இல்லை

ஆதம்பாக்கத்தில் பன்னிரண்டு வீடு, ஒரே சம்ப்.
காலை ஆறரைக்கு மோட்டார்.
மாடியில் யார் குளிக்கிறார்கள் என்பதுகூட
குழாய்ச் சத்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்படித்தான் தெரிந்திருக்கும்,
பி-மூன்றில் இருப்பவர்கள்
அக்கா தங்கை இல்லையென்று.

இரண்டு வருடம் அக்கா தங்கையாகத்தான் இருந்தார்கள்.
ரெஜினாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை.
செல்வநாயகி மெட்ரோவில், டிக்கெட் கவுண்டரில்.
லாரி வராத மே மாதம்
தெருமுனைத் தொட்டியிலிருந்து
ஐந்து வீட்டுக்குக் குடம் தூக்கியவள் அவள்தான்.
"ஆம்பளை மாதிரி தெம்பு" என்றார்கள்.
அப்போது அது பாராட்டு.
ஆகஸ்டில் அதே வார்த்தை
வேறு குரலில் படியேறி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை அட்டையில் காகிதம் செருகி
செயலாளர் மார்க்கபந்து கதவைத் தட்டினார்.
"குடியிருப்போர் நலன் கருதி"
என்று தொடங்கிய கடிதத்தில்
எங்கேயும் அந்தச் சொல் இல்லை.
'மேற்படி நபர்கள்' இருந்தது.
'மேற்படி சூழல்' இருந்தது.
"கொழந்தைங்க இருக்கிற எடம் பாருங்க."

குழந்தைகள் கீழே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தன.
பந்து பி-மூன்று பால்கனிக்குப் போனது.
ஒரு கை நீண்டு, ஸ்டம்ப்பைப் பார்த்து எறிந்தது.
அவுட், அவுட் என்று கத்தினான்
மார்க்கபந்துவின் பேரன்.

"சட்டமே ஒத்துக்கிச்சே சார்" என்றேன்.
அவ்வளவுதான் என் வீரம்.
"சட்டம் டெல்லியில இருக்கு தம்பி,
சம்ப் இங்க இருக்கு."

நான் ஒன்பது வீடு பார்த்துப் பத்தாவதாக
"முட்டைகூடத் தொட மாட்டேன் சார்" என்று சொல்லி
சாவி வாங்கினவன்.
என் சமையலறை மேல்தட்டில்
மூன்று பாலித்தீன் பைக்குள்
ஒன்றுக்குள் ஒன்றாக
நெத்திலிக் கருவாடு இருக்கிறது.

பேனா எழுதவில்லை என்றேன்.
சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை நீட்டினார்.
கை ஈரம் என்றேன்.
மறுநாள் வந்தபோது
விளக்கை அணைத்துவிட்டு, ஃபேனையும் அணைத்துவிட்டு
வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸில் மிருணாளினியிடம் சொன்னேன்.
ஜூன் மாதம் ரிசப்ஷனில் தொங்கவிட்ட
ஏழு வண்ணத் துணியைத்
தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.
"ஐயோ பாவம்" என்றாள்.
கண் நிஜமாகவே கலங்கியது.
பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்து,
"ஆமா, ரெண்டு பேர்ல யாரு ஆம்பளை?"

நோட்டீஸ் போர்டில் நகல் ஒட்டியிருந்தார்கள்.
பத்து வீட்டுக்கு நேரே கையெழுத்து.
பி-ஒன்றுக்கு நேரே,
என் பெயருக்குப் பக்கத்தில்,
மார்க்கபந்துவின் சாய்ந்த எழுத்து:
ஆட்சேபணை இல்லை.
தண்ணீர் பில்லுக்கும்
பெயிண்ட் வசூலுக்கும் நடுவில்
அது பதினோரு நாள் இருந்தது.
தினமும் இரண்டு முறை அதைத் தாண்டித்தான்
வண்டியை எடுத்தேன்.

டெம்போ வந்த காலையில்
ஜன்னல்களில் முகங்கள் இருந்தன,
படிகளில் கால்கள் இல்லை.
ஃபிரிட்ஜின் ஒரு முனையை
நான் போய்ப் பிடித்தேன்.
இரண்டு மாடி.
திருப்பத்தில் சுவரில் இடித்து
என் விரல் நசுங்கியது.
கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.
அந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் கூசுகிறேன்.

கயிறு கட்டி முடித்தபின்
செல்வநாயகி கை துடைத்துக்கொண்டு வந்தாள்.
நன்றி சொல்வாள் என்று
முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"சனிக்கிழமையானா கருவாட்டு வாசனை
எங்க பெட்ரூம் வரைக்கும் வரும்" என்றாள்.
கோபமெல்லாம் இல்லை.
"ரெண்டு வருஷமா.
மார்க்கபந்து ஒருதரம் கேட்டாரு, எங்கேர்ந்து வருதுன்னு.
எங்க வீடுதான்னு ரெஜினா சொல்லிட்டா."

டெம்போ நங்கநல்லூர்ப் பக்கம் திரும்பியது.
பெரும்பாக்கமா, பல்லாவரமா,
எந்த ஊர், எந்த மாடி,
கேட்கவில்லை நான்.

சனிக்கிழமை வந்தது.
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வறுத்தேன்.