ஆளுக்கு அரை மணி

நான் தண்ணீர் விடுகிறவன்.
ஊராட்சிச் சம்பளப் பட்டியலில்
டேங்க் ஆபரேட்டர் ஏகாம்பரம்.
ஊருக்குள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
"தண்ணி எப்போ?" என்பதுதான் என் பெயர்.

பேரணாம்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர்,
மலை ஏறத் தொடங்குகிற இடம்.
நாலு வால்வு, ஒரே சாவி.
மார்கழியில் கையைக் கடிக்கும், சித்திரையில் சுடும்.

விதி எளிது. ஆளுக்கு அரை மணி.
பெரிய தெருவுக்கு அரை மணி.
மசூதித் தெருவுக்கு, காலனிக்கு.
மேட்டில் இருளர் குடிசை பதினொன்று, அதற்கும் அதே அரை மணி.
பதினாலு வருஷம் கைக்கடிகாரம் பார்த்துத் திருகினேன்.
ஒரு நிமிஷம் யாருக்கும் கூடப் போனதில்லை.
தராசு முள் நான் என்று
எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

நவம்பர் ஒன்று, கிராம சபை.
பள்ளிக்கூட வராண்டா. அறுபத்தேழு கையெழுத்து.
வரவு செலவு வாசித்து முடிந்து
டீயும் வந்துவிட்ட நேரத்தில்
ஏழாவது வார்டு மெம்பர் மயிலா எழுந்தாள்.
ஷூ கம்பெனியில் அட்டை ஒட்டிய விரல்கள்,
நகக்கண்ணில் பசை இன்னும் போகவில்லை.
கையில் மகனுடைய கணக்கு நோட்டு.

"ஒம்போது நாள் நின்னு எண்ணிகினு வந்தேன்.
பெரிய தெருவுல வூட்டுக்குப் பதினாலு குடம்.
மசூதித் தெருவுல ஒம்போது.
எங்க காலனி ஆறு.
மேட்டுல ரெண்டு, அதுல ஒண்ணு கலங்கல்.
மொதப் பத்து நிமிஷம் அங்க கொழாயில காத்துதான்.
காத்தை இடுப்புல தூக்கிகினு போவ முடியாதுங்க."

யாரோ சிரித்தார்கள்.
தலைவர் தொண்டையைச் செருமினார்:
"எல்லாருக்கும் சமமாத்தானே விடறோம்?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ரஃபிகுன்னிசா,
சபையில் ஒரு நாளும் வாய் திறக்காதவள்:
"அஞ்சே முக்காலுக்குக் கம்பெனி வேன் வந்துடுது.
நீங்க தண்ணி வுடறது ஆறு மணிக்கு.
நல் கிட்ட நிக்க வூட்ல யாரு கீறாங்க?"

மேட்டுக் கன்னியம்மா வரவில்லை.
வந்திருந்தாலும் அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.
படிவம் கதவு எண் கேட்கிறது.
அவள் வீட்டுக்குக் கதவே கிடையாது.
"புளியமரத்துக்குக் கிழக்கே, கன்னியம்மா வூடு.
அப்படியே எழுதுங்க" என்றாள் மயிலா.
செயலர் பேனாவை இரண்டு தரம் உதறினார்.
மை இருந்தது.

தீர்மானம் பத்தொன்பது:
இனி நிமிஷக் கணக்கில்லை, குடக் கணக்கு.
டேங்க் நிறைந்திருக்கும்போதே முதலில் மேட்டுக்கு.
மசூதித் தெருவுக்குச் சாயங்காலம், வேன் திரும்பிய பிறகு.
பெரிய தெருவுக்குப் பதினெட்டு நிமிஷம்.

மறுநாளே ஜெயவேலு வால்வுக் குழிக்கு வந்தான்.
"உனக்கு இன்னா குடுத்தாங்க?"
எட்டுக் குடம் வருதில்ல, என்றேன்.
"பதினாலு வந்துகினு இருந்துச்சே."
அவன் சொன்னதும் உண்மை.
அவன் வாசல் செம்பருத்தி வாடியிருப்பதைப் பார்த்தேன்,
இல்லை என்று சொல்ல மாட்டேன்.
கோடை வந்தால் எட்டும் ஏழாகும், ஆறாகும்.
அப்போது எவன் எவன் குழிக்கு வருவானோ.

முதல் நாள் இருட்டோடு திறந்துவிட்டு
மேட்டுக்கு ஓடினேன், பார்க்க.
கன்னியம்மா குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு
தூரமாய்க் குந்தியிருந்தாள்.
காற்று போகட்டும் என்று. அத்தனை வருஷப் பழக்கம்.
குழாய் ஒரு தரம் இருமியது.
அவ்வளவுதான், தண்ணீர்.
அவள் எழுந்து ஓடி வருவதற்குள்
மண்ணில் கொட்டிப்போனது
ஒரு குடம் இருக்கும்.

அதை எந்தத் தெருக் கணக்கில் எழுதுவது?
மயிலாவைக் கேட்டிருக்கிறேன்.
நோட்டைத் திறந்தாள், மூடினாள்.
இன்னும் சொல்லவில்லை.