பல் இல்லாத வாளி

நிபந்தனை எண் பதினேழு:
மண் தோண்டும்போதெல்லாம்
தொல்லியல் அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.
அந்த ஒருவர் நான்.

வேல்ஸில், ப்ரெக்கனுக்குப் போகும் சாலையோரம்
ஒரு பெட்ரோல் பங்க் வரப்போகிறது.
காரை விட்டு இறங்காமலே காபி வாங்கிக்கொள்ள
ஒரு ஜன்னலும்.
போன மாதம்வரை மேய்ச்சல் நிலம்.
முள்கம்பியில் இன்னும் ஆட்டு மயிர்.

எம்ரிஸின் இயந்திரத்துக்குப் பல் இல்லாத வாளி
வேண்டுமென்று கேட்டது நான்தான்.
பல் கீறும். கீறிய மண்
எதையும் ஒளித்துக்கொள்ளும்.
இதுவோ தட்டை வழிக்கும் விரல் மாதிரி,
ஒரு தடவைக்கு நான்கு விரற்கடை.
பின்னாலேயே நடப்பேன்.
கையைத் தூக்கினால் அவர் நிறுத்த வேண்டும்.
எட்டு நாளாய் ஒருமுறைதான் தூக்கினேன்,
மூக்கைத் துடைக்க.
அதற்கும் நிறுத்திவிட்டார்.

அந்த எட்டு நாளில்
பாதி லாடம், நீலக் கோடு போட்ட சாஸர்த் துண்டு,
யாரோ காரிலிருந்து வீசிய சிப்ஸ் பை.
காலாவதி: மார்ச், தொண்ணூற்று நான்கு.
அதுவரை எனக்குக் கிடைத்த
ஒரே உறுதியான காலக்கணிப்பு அதுதான்.

ஒன்றுமில்லை என்பதும் ஒரு முடிவே என்று
கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.
மழையில் நின்றபடி
ஒன்றுமில்லாததைப் பார்ப்பது எப்படி என்று
சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள், பத்தரை மணி.
மேல்மண் கழன்ற இடத்தில் சிவந்த கன்னிமண்.
அதில் சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள்,
ஒரு வண்டியின் அகலம் விட்டு.
இடது கோட்டில் ஒரு வீக்கம்,
வீக்கத்தில் ஓடுகள்.
கை தானாக மேலே போயிற்று.

மேலாளர் ரோவீனா கடிகாரத்தைப் பார்த்தார்.
இருபது நிமிடம் என்றேன்.
என் இருபது நிமிடம் இரண்டு மணி நேரம் என்று
அவருக்குத் தெரியும்.

முழங்காலுக்கு ரப்பர் திண்டு, கையில் கரணை.
கருஞ்சாம்பல் பானையின் விளிம்புகள்,
ஒரு கிண்ணத்தின் அடி, ஆற்றுக் கூழாங்கல், ஒரு ஆணி,
எல்லாம் நெருக்கி இடித்து இறக்கியவை.
ரோமானியர் காலம் என்றது விளிம்பு.
அதற்குள் என் மனம் வாக்கியம் கட்டத் தொடங்கியிருந்தது:
பயணத்துக்கு முன் உடைத்துப் படைத்த கலங்கள்,
பாதைத் தெய்வம், காணிக்கை...

எம்ரிஸ் இறங்கி வந்தார்.
பதினான்கு வருடம் மாவட்டச் சாலைப் பராமரிப்பில் இருந்தவர்.
ப்ளாஸ்கைத் திருகிக்கொண்டே குனிந்தார்.
“இது பள்ளம் அடைச்சது.
சக்கரம் இங்க இறங்கியிருக்கு.
கையில கிடைச்சதைப் போட்டு மிதிச்சிருக்கான்.
பாருங்க, பெரிசு கீழ, பொடி மேல.
முறையாத்தான் செஞ்சிருக்கான்.
ஓரத்தை மட்டும் நேரா வெட்டல.
அதான் அடுத்த மழைக்கே பிடுங்கிட்டுப் போயிருக்கு.”

பார்த்தேன்.
அடைப்பின் ஓரத்தில் இன்னொரு சின்னப் பள்ளம்.
அதிலும் ஓடுகள். வேறு பானை.
இந்தத் தடவை பெரிசு, பொடி என்றெல்லாம் இல்லை,
கொட்டிவிட்டுப் போயிருக்கிறான்,
திட்டிக்கொண்டே, இருக்கலாம்.
எந்த மொழியில் என்று படிவம் கேட்பதில்லை.

சிவப்பு வெள்ளைக் கோலை வைத்துப் படம் எடுத்தேன்.
எண் 1042. நிறம், ஈரம், இறுக்கம்.
விளக்கம்: பள்ளம் அடைப்பு, இருமுறை.
விளக்கம் தந்தவர் என்ற கட்டத்தில்
என் முதலெழுத்தை எழுதி, அடித்து,
அவருடையதை எழுதினேன்.
“இதுக்குக் காசு உண்டா?”
“இல்லை.”
“அவனுக்கும் கொடுத்திருக்க மாட்டாங்க.”

சாயங்காலம் நாலு மணிக்கு, நுழைவாயிலில்
ஜல்லி லாரியின் பின்சக்கரம்
அச்சுவரை இறங்கிவிட்டது.
ஓடினார்கள். உடைந்த கான்கிரீட், ஓட்டுத் துண்டுகள்,
கைப்பிடி போன ரோவீனாவின் காபிக் கோப்பை,
எல்லாம் உள்ளே போயின.
எம்ரிஸ் வாளியின் முதுகால் ஓங்கி ஓங்கி அடித்தார்.
அதற்கு முன்பே இறங்கி,
மண்வெட்டியால் பள்ளத்தின் ஓரத்தை
நேராக வெட்டிவிட்டிருந்தார்.

நான் பக்கத்தில் நின்றேன், நிபந்தனைப்படி,
இரண்டு கைகளையும்
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு.