ரொக்கம்

டயர் கடைக்கு மேலே பதினேழு படி.
பன்னிரண்டாவது உடைந்தது.
குடித்துவிட்டு இறங்குகிற யாரும்
இதுவரை அதில் தடுக்கியதில்லை.
முதல்முறை ஏறுகிறவர் தடுக்குவார்.
கல்லாவில் இருந்தபடியே தெரிந்துகொள்வேன்:
புது ஆள்.

சிலிம் ரீவரில் நம் ஆட்களுக்கு
இருப்பது இந்த ஒரு பிஸ்ட்ரோ.
பலகையில் பாதி நிலா எரியும்.
மீதிக்கு ஆள் கூப்பிடுவதாக
போன தீபாவளியிலிருந்து சொல்கிறார் ஆ லெங்.

ஐஸ் உடைப்பேன். பாட்டு எண் அழுத்துவேன்.
வாந்திமேல் மரத்தூள் கொட்டுவேன்.
அட்டையில் 555 போட்ட சின்ன நோட்டில்
கடன் எழுதுவேன்.
சம்பளத்தன்று அழிக்கச் சிவப்புப் பேனா.
அந்தப் பேனாவில் மை தீர்ந்ததே இல்லை.

ஏழாம் தேதி.
குலை வெட்டுகிறவர், லோரிக்காரர்,
மில்லில் கொதிகலன் பார்க்கிறவர்.
மைக் பிடிக்கிற விரல்களில்
செம்பனை முள் ஏறிய கறுப்புப் புள்ளிகள்.
நீல விளக்கில் அவை நட்சத்திரம் போல என்று
எழுதிவிடலாம்.
முள் முள் மாதிரிதான் இருக்கிறது.

வாசல் ஜாகா தேவசகாயம்
கோலாலம்பூர் கிளப்பில் ஒன்பது வருஷம் நின்றவர்.
அங்கே நுழைய வரிசையாம், மணிக்கட்டில் மை முத்திரையாம்,
நெஞ்சுக்கூட்டுக்குள் தரை அதிருமாம்,
ஒரு கிளாஸ் அறுபது வெள்ளி, அதில் ஒரு புதினா இலை.
"அங்க எவன் பேரும் தெரியாது தங்கச்சி,
தூக்கி வெளிய போட்டேன்.
இங்க எவனத் தொட்டாலும் சித்தப்பன் முறை."

ஒன்பது நாற்பது ரயில் போய்
கிளாஸ்கள் நடுங்கி அடங்கின.
அர்ச்சுனன் மூன்றாவது பாட்டில் இருந்தார்.
சரணத்தில் வழக்கம்போல் சொல்லை விட்டுவிட்டுக்
கையை மட்டும் ஆட்டிக்கொண்டு.

பன்னிரண்டாவது படி தடுக்கியது.

புனிதவதி.
கையுறை ஃபேக்டரி நீலச் சட்டை,
கழுத்தில் அட்டை,
தலையில் கழற்ற மறந்த வலைத்தொப்பி.

தேவசகாயம் எழுந்து நின்றார், எதற்கென்று தெரியாமல்.
பாட்டு நின்றது; இசை ஓடியது.
திரையில் சொற்கள் ஒவ்வொன்றாய்
மஞ்சளாகிக்கொண்டிருந்தன, பாட ஆளில்லாமல்.

செருப்பு பறக்கும் என்று பார்த்தோம்.
சம்பள உறையைக் கேட்பாள் என்று பார்த்தோம்.
போன மாதம் ஒருத்தி மேசையையே கவிழ்த்தாள்.

நேரே என்னிடம் வந்தாள்.
"ஒரு ஸ்டவுட். ஐஸ் வேணாம். எவ்வளவு?"
பதினெட்டு.
ஒரு பத்து, ஒரு ஐந்து, மூன்று ஒன்று;
ஒவ்வொரு தாளையும் நீவி வைத்தாள்.
பழக்கத்தில் நோட்டைத் திறந்துவிட்டேன்.
"எழுதாத. ரொக்கம்."

உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.
கால் தரைக்கு எட்டவில்லை.
"மூணாவது பிள்ள பெத்தப்ப குடிச்சது" என்றாள்,
என்னிடமா கிளாஸிடமா தெரியவில்லை.
உதட்டு நுரையைத் துடைக்கவில்லை.
புருஷனைப் பார்க்கவில்லை.
சுவரை, மின்விசிறியை,
ஆ லெங்கின் சிவப்புச் சாமிமேடையில் மூன்று ஆரஞ்சை
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் போலப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

எதை என்று நான் கேட்கவில்லை.
இவ்வளவுதான் என்றேன்.

அர்ச்சுனன் மைக்கை மேசையில் கிடத்தினார்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்.
இறங்கினார்.
ஐந்து வருஷத்தில் முதல்முறையாக
உடைந்த படி அவரைத் தடுக்கிற சத்தம்.

சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.
மோட்டார் பக்கத்தில்
இரண்டு ஹெல்மெட்டும் இரண்டு கையில்.
புகைக்கக் கை ஒழியவில்லை.

அவள் அவசரப்படவில்லை.
அடுத்தவன் பாடி முடித்தான், அதற்கடுத்தவனும்.
கடைசி விரற்கடை நுரையை விட்டுவைத்து எழுந்தாள்.
அர்ச்சுனன் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி
அப்படியே இருந்தது. அதை அவள் கேட்கவேயில்லை.

காது கொடுத்தேன்.
பதினேழு படியிலும் சத்தமில்லை.

யார் அந்தப் பொம்பளை என்றார் ஆ லெங்,
பணத்தை எண்ணிக்கொண்டே.

கஸ்டமர் என்றேன்.