அரை மதிப்பெண்

வால் தொய்ந்தால் ஒன்று.
பின்னங்கால் தடுமாறினால் இரண்டு.
இழுத்துக்கொண்டு போனால் மூன்று.
முன்னங்காலும் ஓய்ந்தால் நான்கு.
ஐந்தை எழுதுவதில்லை,
கூண்டு அட்டையில் தேதி மட்டும் போடுவோம்.

இடையில் அரைகள் உண்டு.
மூன்று வருட போஸ்ட்டாக் வேலையில்
நான் படித்தது பெரும்பாலும் அரைகளைத்தான்.

மத்திகெரேயிலிருந்து நடந்து
ஆறரைக்கு வாசலுக்கு வருவேன்.
காவலர் தினமும் அட்டை கேட்பார்,
தினமும் படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவார்.
படத்தில் எனக்கு முடி அதிகம்.

சுண்டெலிகளுக்கு நாங்கள் ஊசியில் ஏற்றுவது ஒரு கோள்:
உன் நரம்பின் உறை உன்னுடையதல்ல.
அதை நம்பி அவற்றின் காவல் அணுக்கள்
பன்னிரண்டாம் நாள் முதுகுத்தண்டுக்குள் இறங்கும்,
சொந்த வீட்டைச் சூறையாட.

பாதிக்கு மருந்து, பாதிக்கு உப்புநீர்.
எது எந்தப் பாதி என்ற பட்டியல்
கௌஸ்துபின் இழுப்பறையில், பூட்டி.
தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
அதுவும் எட்டு மாதமாக வரவில்லை.

ஆனால் கைக்குத் தெரிந்துவிடுகிறது.
பதினெட்டாம் நாள், பதினான்காம் எண்,
இடது காதில் இரட்டை வெட்டு.
மருந்து வாங்கிய எலி என்று தோன்றியது.
தோன்றக் கூடாது.
கம்பி மூடியின்மேல் விட்டேன்.
இடது பின்னங்கால் ஒருமுறை நழுவியது.
ஒருமுறைதானா.
ஒன்றரையா, இரண்டா.

கூண்டுகளுக்கு உமி மாற்றிக்கொண்டிருந்த சௌபாக்யா
நான் நின்ற நிலையைப் பார்த்து
"சத்தோயித்தா மேடம்?" என்றாள்.
சாகவில்லை. நடக்கிறது. அதுதான் சிக்கல்.

அந்த அரைக்குள் புனேயில் ஒரு நேர்காணல் இருந்தது.
மார்ச்சில் முடியும் ஒப்பந்தம் இருந்தது.
வீட்டுக்காரரின் குறுஞ்செய்தி,
எப்போதும்போல ஒரு கும்பிடு படத்துடன்.

மறுபடி விட்டேன்.
மறுபடி நழுவியது.
இரண்டு என்று எழுதினேன், பேனாவால்.

ஜூலையில் பட்டியலைத் திறந்தோம்.
பதினான்கு மருந்துக் கூட்டம்தான். கை சொன்னது சரி.
மருந்தும் கொஞ்சம் சரி.
பி மதிப்பு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.
ஐந்து வரைதான் உலகம் ஒத்துக்கொள்ளும்.
கௌஸ்துப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்,
பிறகு இன்னொரு முறை துடைத்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
அன்றிரவு கோப்பின் பிரதி ஒன்றில்
இரண்டை ஒன்றரை ஆக்கிப் பார்த்தேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு எட்டு.
எவ்வளவு அழகான எண்.
மூடும்போது கணினி கேட்டது, சேமிக்கவா?
அது கேட்ட மரியாதைக்குக்
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
வேண்டாம்.

கன்ஃபோகல் எனக்குக் கிடைப்பது
இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை.
வெளியே மழை, ஒரு முறை மின்சாரம் போய்
ஜெனரேட்டர் கனைத்தது.
பதினான்கின் இடுப்புத் தண்டு, நாற்பது மைக்ரான் சீவல்.
வலப்பக்கம் மைக்ரோக்ளியாக்கள்
மெல்லிய கைகளை நாற்புறமும் நீட்டி
பச்சையாக, பொறுமையாக.
இடப்பக்கம் கைகளை உள்ளே இழுத்து
உருண்டு, உப்பி, நெருக்கியடித்து நின்றன.

ஆக நழுவியது உண்மை.
புள்ளியியலுக்கு இது ஒன்றுமில்லை.
எனக்கு விடியும்வரை உட்கார்ந்திருக்கப் போதுமாக இருந்தது.

செப்டம்பரில் புதுக் கூட்டம் வந்தது, நாற்பது.
பெட்டி திறக்குமுன் கேண்டீனில்
நானும் சௌபாக்யாவும் பை-டூ காபி,
ஆளுக்குப் பாதி, அவள் பாதி எப்போதும் கொஞ்சம் பெரிது.
"எல்லாம் ஜீரோதானே மேடம்?"
எல்லாம் ஜீரோ.
நாற்பதும் வாலைத் தூக்கிக்கொண்டு
உமிக்குள் புதையப் பார்த்தன.

திங்கட்கிழமை ஊசி.
அதுவரை இந்த அறையில்
பூஜ்யத்தைவிட நல்ல செய்தி கிடையாது.
ஒவ்வொரு அட்டையிலும் போட்டேன்,
வட்டம் முழுதாகச் சேர்கிற மாதிரி.