இரண்டு விரல் உயரம்

எனக்கு வாக்குக்கண்.
அதிர்ஷ்டம் என்றார்கள், கொட்டாஞ்சேனை முழுக்க.
மாமா சுரண்டல் லொத்தரை
என் நகத்தால்தான் சுரண்டுவிப்பார்.
ஒருமுறை ஐம்பது ரூபாய் விழுந்தது.
அதோடு வைத்தியம் பத்து வருடம் பிந்தியது.

பத்தொன்பதில் வெட்டினார்கள்,
கலியாணப் பேச்சு வந்தபடியால்.
படத்தில் நேராக விழுந்தேன்.
அதற்காகத்தான் செய்தது, அது கிடைத்தது.
"கண் நேராகிவிட்டது" என்றார் டொக்டர்.
"இரண்டையும் சேர்த்துப் பார்க்க
மூளை பழகுகிற வயது போய்விட்டது, பிள்ளை."
எது போனதென்று எனக்கு விளங்கவில்லை.
வைத்திருந்தால்தானே தொலைத்தது தெரியும்.

கேத்தல் மூக்கைக் கோப்பை விளிம்பில்
முட்டவைத்துத்தான் தேத்தண்ணி ஊற்றுவேன்.
காலி வீதியில் 155ஆம் இலக்க பஸ்
எனக்கு வருவதில்லை;
நின்ற இடத்திலேயே பெருக்கும்.
எவ்வளவு பெருத்தால் ஓடவேண்டும் என்று
கணக்கு வைத்திருக்கிறேன்.

மகளுக்கு ஐந்தாம் மாதம்
இடக்கண் மூக்குப் பக்கம் ஓடியது.
"வடிவாத்தானே இருக்கு,
வளர வளரச் சரிவரும்" என்றா மாமி.
அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு
கண் ஆஸ்பத்திரி வரிசையில் நான் நாலாவது ஆள்.
பதினோராம் மாதம் சத்திரசிகிச்சை.
தியேட்டர் கதவு சாத்தியபோது
அவளுடைய ஒற்றைக் காலுறை என் கையில்.
பிறகு பிளாஸ்டர், நாளுக்கு இரண்டு மணித்தியாலம்.
பிய்த்துப் பிய்த்து யன்னல் கம்பியில் ஒட்டுவாள்.
இன்னும் அங்கே பசை இருக்கிறது.

இப்போது நிதுர்ஷிக்கு நாலரை.
கறுப்புக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்க,
டில்ருக்ஷி மிஸ் பெரிய ஈயின் படமொன்றை
மேசையில் வைக்கிறா.
"செட்டையைப் பிடிங்க பாப்பம்" என்கிறா,
தெரிந்த தமிழில்.

அவள் கை நீட்டுகிறாள்.
தாளைத் தொட முன்னமே
விரல்கள் நின்றுவிடுகின்றன.
வெறும் காற்றை மெல்லக் கிள்ளி,
"ச்சீ" என்று கையை இழுக்கிறாள்.
மிஸ் சிரித்துக்கொண்டு ஏதோ எழுதுகிறா.

கண்ணாடியைக் கேட்டு வாங்கி
நானும் போட்டுப் பார்க்கிறேன்.
தாளோடு தாளாக ஈ,
செருப்பால் அடித்ததுபோல.
திருப்பிக் கொடுக்கிறேன்.
"நிது, இன்னொருக்காப் பிடி."

பிடிக்கிறாள்.
அவள் கைக்கும் தாளுக்கும் இடையில்
என் விரலை நுழைத்துப் பார்க்கிறேன்.
ஒன்று.
இன்னும் இடமிருக்கிறது.
இரண்டு.